லிங்க் அனுப்பினால் அதே பக்கம் திறக்க வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய நெல் கொள்முதல் நிலையச் செயலியைப் போனிலும் கணினியிலும் ஓட்டிப் பார்த்தேன். உள்ளே எழுதியிருக்கும் கோட் முழுவதையும் படித்தேன். ரியாக்ட் எப்படி, ரெடக்ஸ் எப்படி என்று உன்னிடம் ஆரம்பிக்கப் போவதில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பக்கத்தின் முகவரியையும் உன் ரெடக்ஸ் ஸ்டோரையும் நீ சேர்த்துக் கட்டியிருக்கும் விதத்தைப் பற்றி மட்டும்தான் எழுதப் போகிறேன். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. உன் வயதில் இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் பலரும் இதையே செய்கிறார்கள். அதனால்தான் உனக்குத் தனியாகச் சொல்லாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூர் வட்டம், சம்பா, சன்ன ரகம், இன்றைய தேதி என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தேன். பட்டியல் சுருங்கி அழகாக வந்து நின்றது. அந்த லிங்க்கை அப்படியே எடுத்துச் சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவருக்கு வடபாதிமங்கலம் பக்கம் நிலம் இருக்கிறது, குத்தகைக்கு விட்டிருக்கிறார். அவர் திறந்தால் மாவட்டத்து நிலையங்கள் மொத்தமும் அகர வரிசையில் வந்து நிற்கின்றன. “இதுல எதைப் பாக்கச் சொல்றீங்க மச்சான்?” என்று கேட்டார். நான் தேர்ந்தெடுத்த அத்தனையும் என் போனுக்குள் இருக்கும் உன் ஸ்டோரில் கிடக்கிறது. முகவரிப் பட்டையில் ‘/நிலையங்கள்’ என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. பக்கத்தைப் புதுப்பித்தால் எனக்கே எல்லாம் போய்விடுகிறது. பேக் பட்டனை அழுத்தினால் முந்தைய தேர்வுக்குப் போகாமல் செயலியை விட்டே வெளியே தள்ளுகிறது.

கூத்தாநல்லூரைச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்று சும்மா சொல்லவில்லை. நிலம் இங்கே, நிலத்துக்காரர் அங்கே, நடுவில் வாட்ஸ்அப். உன் ஊரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. உன் செயலியைத் தேடி வந்து, மெனுவைத் திறந்து, வட்டம் தேர்ந்தெடுத்து, ரகம் தேர்ந்தெடுத்துப் பார்ப்பவர்கள் சிலர்தான் இருப்பார்கள். மற்ற எல்லோரும் யாரோ அனுப்பிய லிங்க் வழியாகத்தான் உள்ளே வருவார்கள். அப்படி வருபவருக்கு உன் ஸ்டோர் காலியாகத்தான் இருக்கும். நீ எழுதும்போது உன் கண்முன் இருந்தது நிரம்பிய ஸ்டோர். ஊரில் இருப்பவர்கள் சந்திக்கப்போவது காலி ஸ்டோரை.

தேதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டோரில் தேதியை ‘இன்று’ என்ற சொல்லாகவே வைத்திருக்கிறாய். நான் சொல்வதைக் கேட்டு அதை அப்படியே முகவரிக்கு எடுத்துப் போனாயானால் வேறொரு தப்பில் மாட்டுவாய். இங்கே இரவு பத்து மணிக்கு நான் அனுப்பும் லிங்க்கைச் சிங்கப்பூரில் திறப்பவருக்கு மணி பன்னிரண்டரை; அவருடைய ‘இன்று’ நம்முடைய நாளை. நாளைக்குக் காலையில் திறந்தால் எனக்கே அது வேறு பட்டியல். ‘எப்போதும் இன்றைய நிலவரம்’ என்று ஒரு லிங்க் வேண்டும், ‘ஜனவரி 20 நிலவரம்’ என்று ஒரு லிங்க்கும் வேண்டும். இரண்டுக்கும் தேவை இருக்கிறது. எதை அனுப்புகிறோம் என்பது அனுப்புகிறவருக்குத் தெரிய வேண்டும். தேதியைக் கணக்கிடுவது இந்திய நேரப்படி இருக்க வேண்டும்; போன் இருக்கும் நாட்டு நேரத்தை நம்பக் கூடாது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. சென்னையில் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனம் விமான டிக்கெட் பதிவு செய்யும் தளம் ஒன்றை நடத்தியது. அப்போது ரியாக்டும் இல்லை, ரெடக்ஸும் இல்லை. பயணி எந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதைச் சர்வரில் செஷனில் வைத்திருந்தோம். அந்தக் காலத்துச் சென்ட்ரல் ஸ்டோர் அதுதான். முகவரி எந்தப் பக்கத்திலும் ஒன்றேதான். டிராவல்ஸ் கடைக்காரர்கள் ஒரு ஜன்னலில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானத்தையும் இன்னொரு ஜன்னலில் சென்னையிலிருந்து போகும் விமானத்தையும் திறந்து வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கடைசியாகத் திறந்த ஜன்னல் சென்னை என்றால் செஷனில் இருப்பது சென்னை. திருச்சி ஜன்னலில் விலையைப் பார்த்து ‘பதிவு செய்’ என்று அழுத்தினால் சென்னை டிக்கெட் விழும். பணம் போன பிறகுதான் தெரியும். கும்பகோணத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் போன் வந்துகொண்டே இருந்தது. நிர்வாகம் எடுத்த முடிவு என்ன தெரியுமா? ‘தயவுசெய்து பேக் பட்டனை அழுத்தாதீர்கள், ஒரு ஜன்னலுக்கு மேல் திறக்காதீர்கள்’ என்று சிவப்பு எழுத்தில் போடச் சொன்னார்கள். ஜன்னல் திறப்பதும் பின்னே போவதும் பிரவுசர் அவர்களுக்குக் கொடுத்த உரிமை. அதைத் தொடாதே என்று சொல்ல எங்களுக்கு என்ன பாத்தியதை? அந்தச் சிவப்பு எழுத்தைப் பல வருஷம் பார்த்தேன். உன் செயலியில் அந்த எழுத்து இல்லை. ஆனால் அது இருக்க வேண்டிய இடம் எனக்குக் கண்ணுக்குத் தெரிகிறது.

இது நம் ஊர்க் கடைகளில் மட்டும் நடந்ததில்லை. 2005இல் கூகுள் மேப்ஸ் வந்தபோது வரைபடத்தை இழுத்து எங்கு போனாலும் முகவரி மாறாது. அதற்காக ‘இந்தப் பக்கத்துக்கு லிங்க்’ என்று தனியாக ஒரு சுட்டி வைத்திருந்தார்கள். அதை அழுத்தினால்தான் நீ பார்க்கும் இடத்தின் முகவரி கிடைக்கும். இன்று அதே மேப்ஸில் வரைபடத்தை நகர்த்தினாலே அட்சரேகை, தீர்க்கரேகை, எவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கிறாய் என்பது வரை முகவரிப் பட்டையில் மாறுகிறது. ட்விட்டர் 2010இல் முகவரிக்கு நடுவே ஒரு ஹாஷும் ஒரு ஆச்சரியக்குறியும் வைத்து, அதற்குப் பிறகு வருவதையெல்லாம் பிரவுசரில் ஓடும் நிரலே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது. 2012இல் அதைக் கைவிட்டுச் சாதாரண முகவரிக்குத் திரும்பியது. நல்ல முகவரி மாறக் கூடாது என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே ஒரு கட்டுரை எழுதிவிட்டார். உலகளாவிய வலையை உண்டாக்கியவர் சொன்னதைப் பல வருஷம் கழித்துப் பெரிய நிறுவனங்கள் பணம் செலவழித்துத் திரும்பக் கற்றுக்கொண்டன.

உன் தலைமுறையின் கதை 2015இல் தொடங்குகிறது. பாரிஸில் நடந்த ரியாக்ட் யூரோப் மாநாட்டில் டான் அப்ரமோவ் ரெடக்ஸைக் காட்டினார். அங்கே எல்லோரையும் மயக்கியது டைம் டிராவல்: நடந்த ஒவ்வொரு செயலையும் பின்னுக்கு இழுத்து, செயலி அந்த நொடியில் எப்படி இருந்தது என்று பார்க்கலாம். அதற்கு ஸ்டேட் முழுவதும் ஒரே ஸ்டோரில் இருக்க வேண்டும். ‘முழுவதும்’ என்றால் முகவரியும் சேர்த்தியா என்ற கேள்வி அன்றே எழுந்தது. சேர்த்திதான் என்று நினைத்தவர்கள் பாலம் கட்டத் தொடங்கினார்கள். ஆண்ட்ரூ கிளார்க் ரெடக்ஸ்-ரௌட்டர் எழுதினார். ஜேம்ஸ் லாங் அது கனமாக இருக்கிறது என்று ரெடக்ஸ்-சிம்பிள்-ரௌட்டர் எழுதினார். 2016இல் அதன் பெயர் ரியாக்ட்-ரௌட்டர்-ரெடக்ஸ் என்று மாறியது. ரௌட்டரின் நான்காம் பதிப்பு 2017இல் வந்தபோது அது பின்தங்கிப் போனது. தாய்லாந்தைச் சேர்ந்த சுபாசேட் சூச்சைஸ்ரி எழுதிய கனெக்டட்-ரியாக்ட்-ரௌட்டர் அந்த இடத்தைப் பிடித்தது. 2021 நவம்பரில் ரௌட்டரின் ஆறாம் பதிப்பு வந்ததும் அதுவும் நின்றுவிட்டது. வ்யூவில் இவான் யூ இதே வேலைக்கு வ்யூஎக்ஸ்-ரௌட்டர்-சிங்க் என்று ஒன்றை வைத்திருந்தார். இப்போது வ்யூக்காரர்களுக்கு அதிகாரபூர்வ ஸ்டோர் பினியா. வ்யூஎக்ஸே இப்போது அந்த இடத்தில் இல்லை.

இவற்றில் ஒன்றையும் நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். எழுதியவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள். நீ இவற்றில் எதையும் எடுத்துப் பயன்படுத்தவும் இல்லை. ஆனால் இவை செய்ததை நீயே கையால் எழுதியிருக்கிறாய். அதனால்தான் இந்தக் கதை உனக்குத் தெரிய வேண்டும். இந்தப் பாலங்கள் நிலைக்காமல் போனதற்குக் காரணம் ஒன்றே. முகவரி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பிரவுசரிலும் இருக்கிறது, ஸ்டோரிலும் இருக்கிறது என்று பதில் வருகிறது. இரண்டு இடத்தில் இருக்கும் ஒன்றை ஒன்றுபோல வைத்திருப்பதே ஒரு முழுநேர வேலை. ரியாக்ட் ரௌட்டரை எழுதியவர்களே தங்கள் வழிகாட்டிக் குறிப்பில், முகவரியை ரெடக்ஸுக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டாம் என்றுதான் பரிந்துரைத்தார்கள். ஆங்குலர்காரர்களிடம் என்ஜிஆர்எக்ஸின் ரௌட்டர்-ஸ்டோர் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதைச் செலக்டர் வழியாகப் படிக்க மட்டும் வைத்துக்கொள்கிறவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

இப்போது உன் வட்டப் பக்கத்துக்கு வருகிறேன். அதில் மட்டும் வட்டத்தை முகவரியில் வைத்திருக்கிறாய். சந்தோஷப்பட்டுக்கொண்டே கோட்டைத் திறந்தேன். உள்ளே இரண்டு யூஸ்எஃபெக்ட். ஒன்று, முகவரி மாறினால் ஸ்டோரை மாற்றுகிறது. இன்னொன்று, ஸ்டோர் மாறினால் முகவரியை மாற்றுகிறது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வெண்ணாறு வெண்ணாறாகவும் கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரியும் தலைப்பு உனக்குத் தெரியும். அங்கே ஒரே ஷட்டருக்கு இரண்டு ஆளைப் போட்டு, ஒருவர் செய்ததை மற்றவர் சரிபார்க்கட்டும் என்று சொல்லிவிட்டால், ஒருவர் ஏற்றியதை மற்றவர் இறக்கிக்கொண்டே இருப்பார். வாய்க்காலில் தண்ணீர் நிலைகொள்ளாது. உன் பக்கத்தில் நடப்பது அதுதான். கூத்தாநல்லூரிலிருந்து மன்னார்குடிக்குப் போய்விட்டுப் பேக் பட்டனை அழுத்தினேன். முகவரி கூத்தாநல்லூருக்குத் திரும்பிவிட்டது. ஸ்டோரில் இன்னும் மன்னார்குடி. முதல் எஃபெக்ட் ஸ்டோரைக் கூத்தாநல்லூராக மாற்றச் சொல்கிறது. அதே சுற்றில் இரண்டாவது எஃபெக்ட் பழைய ஸ்டோரைப் பார்த்துவிட்டு முகவரியை மன்னார்குடிக்குத் தள்ளுகிறது. அடுத்த சுற்றில் அப்படியே தலைகீழ்.

நீயும் இதைப் பார்த்திருக்கிறாய். பார்த்ததால்தான் ‘ஒத்திசைவு நடக்கிறது’ என்று ஒரு கொடி வைத்து, 300 மில்லிசெகண்ட் கழித்து அதை இறக்கியிருக்கிறாய். அந்த 300 எங்கிருந்து வந்தது தம்பி? உன் லேப்டாப்பில் அது போதும். களத்துமேட்டில் நின்றுகொண்டு பழைய போனில் பார்ப்பவருக்குப் போதாது. காரணம் தெரியாத எண் கோட்டில் எங்கே இருந்தாலும் அங்கே ஒரு பொய் இருக்கிறது என்பது என் அனுபவம். பிரவுசர் நடந்துகொள்ளும் விதம் தெரிந்தால் இந்தக் கொடியே தேவையில்லை. புஷ்ஸ்டேட் என்று நீ அழைத்து முகவரியை மாற்றும்போது பாப்ஸ்டேட் நிகழ்வு வராது. பயன்படுத்துபவர் முன்னே பின்னே போகும்போதுதான் வரும். யார் நகர்த்தினார்கள் என்பது பிரவுசருக்குத் தெரியும். ரௌட்டர் அதை உனக்கு முறையாகக் கொடுக்கிறது. அதை வாங்கிக்கொள்ளாமல் நீ ஸ்டோரில் ஒரு நகலை வைத்து, அந்த நகலைக் காவல் காக்க ஒரு கொடியை வைத்து, கொடியைக் காவல் காக்க ஒரு கடிகாரத்தையும் வைத்திருக்கிறாய்.

இதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. எஃபெக்ட் ஓடுவது திரை வரைந்த பிறகு. அதனால் லிங்க் வழியாகப் பக்கம் மாறும்போது ஒரு கணம் முகவரியில் ஒரு வட்டமும் திரையில் வேறு வட்டமும் நிற்கின்றன. ரகத்தையும் இதே முறையில் கட்டினால் விலையும் அப்படித்தான் நிற்கும். 2025-26 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2545 ரூபாய், பொது ரகம் 2500 ரூபாய். 40 கிலோ மூட்டைக்குப் பதினெட்டு ரூபாய் வித்தியாசம். டிராக்டரில் நெல்லை ஏற்றிவிட்டு விலையைப் பார்ப்பவரின் கண்ணுக்கு அந்த ஒரு கணம் தப்பான எண் பட்டுவிட்டால், பிறகு நீ சரியான எண்ணைக் காட்டினாலும் அவர் உன்னை நம்ப மாட்டார்.

சரி, என்ன செய்ய வேண்டும்? வட்டம், பருவம், ரகம், தேதி நான்கையும் ஸ்டோரிலிருந்து எடுத்துவிடு. எடுத்துவிடு என்றால் ஒளித்துவைக்காதே, அழித்துவிடு. அவற்றின் இடம் முகவரி. ‘/வட்டம்/7?பருவம்=சம்பா&ரகம்=சன்னம்’ என்று முகவரி சொல்லட்டும். எந்தக் காம்பொனென்டுக்கு அது வேண்டுமோ அது ரௌட்டரின் ஹூக் வழியாக நேராக முகவரியைப் படிக்கட்டும். ஸ்டோரில் இருக்க வேண்டியது நிலையங்களின் டேட்டா, உள்நுழைந்தவர் யார் என்பது, நெட் இல்லாதபோது தேங்கிய பதிவுகள், எழுத்தின் அளவு மாதிரியான விருப்பங்கள். முகவரியும் டேட்டாவும் சேர்ந்து என்ன பட்டியல் வரும் என்பதைச் செலக்டரில் கணக்கிடு. வட்டத்தின் எண்ணைச் செலக்டருக்கு வெளியிலிருந்து கொடு. செலக்டர் அதை ஸ்டோரில் தேட வேண்டாம். ஒரு தேர்வை மாற்றுவது என்றால் முகவரியை மாற்றுவது என்றே பொருள். வேறு டிஸ்பாட்ச் எதுவும் வேண்டாம். இரண்டு எஃபெக்டும் கொடியும் கடிகாரமும் தாமாகவே போய்விடும்.

டேட்டாவைக் கொண்டுவருவதையும் இதனோடு சேர்த்துவிடலாம். இப்போது உன் செயலியில் கூத்தாநல்லூரைத் தொட்டுவிட்டு உடனே நீடாமங்கலத்தைத் தொட்டால், முதல் கேள்விக்கான பதில் தாமதமாக வந்து இரண்டாவதன் மேல் உட்காருகிறது. பதில் எந்த வட்டத்துக்கானது என்று ஸ்டோருக்குத் தெரியாததால் வரும் வினை இது. பதிலை வட்டத்தின் எண்ணையே சாவியாக வைத்துச் சேமி. ஆர்டிகே க்வெரி அதைத்தான் செய்கிறது. 2022இல் வந்த ரௌட்டரின் 6.4 பதிப்பில் இருக்கும் லோடரும் முகவரியிலிருந்துதான் தொடங்குகிறது. நீ எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

எதை வரலாற்றில் சேர்ப்பது, எதை மேலேயே மாற்றி எழுதுவது என்பதையும் யோசி. வட்டத்தை மாற்றினால் புஷ்: பேக் அழுத்தினால் பழைய வட்டம் வர வேண்டும். தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும்போது ரிப்ளேஸ்: இல்லாவிட்டால் ‘பொதக்குடி’ என்று தட்டியவர் திரும்பிப்போக எழுத்துக்கு ஒரு முறை பேக் அழுத்த வேண்டும். உழவரின் கைப்பேசி எண்ணையும் பட்டா விவரத்தையும் நீ முகவரியில் வைக்கவில்லை. சரியாகச் செய்தாய். முகவரி சர்வர் பதிவேடுகளில் தங்கும், பத்து வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகும்.

முகவரியில் தமிழ் எழுத்தை வைத்திருப்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்காகவே சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். லிங்க்கை நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக்குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். உன் ஊர்ப் பெயரில் யூனிகோட் குறிகள் 13. விரித்தால் 117 எழுத்து. ஊர் ஒன்றுக்கே இவ்வளவு என்றால் நீ வைத்திருக்கும் நீளமான பாதை வாட்ஸ்அப்பில் எப்படி வந்து விழும் என்று அனுப்பிப் பார். ‘கொள்முதல்’ என்பதில் இருக்கும் ஒகரக் குறியில் இன்னொரு பொறி இருக்கிறது. அதை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உன் ரௌட்டர் பைட்டை ஒப்பிடுவதால் ஒன்று திறக்கும், இன்னொன்று ‘பக்கம் இல்லை’ என்று சொல்லும். பக்கத்தைத் தேடும் முன்னால் முகவரியை யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவா. அதோடு, ஊர்ப் பெயரை அடையாளமாக வைக்காதே. ஆங்கிலத்தில் உன் ஊரையே அரசு ஒருவிதமாகவும் கடைக்காரர் ஒருவிதமாகவும் எழுதுகிறார்கள். எல்லைகளும் மாறும்: 1991க்கு முன் தஞ்சாவூர் மாவட்டம், அதன்பின் நாகப்பட்டினத்தோடு போனது, 1997இலிருந்து திருவாரூர் மாவட்டம். எண் அடையாளமாக இருக்கட்டும். பெயர் அதற்குப் பின்னால் படிப்பவருக்காக வரட்டும், ‘/வட்டம்/7/கூத்தாநல்லூர்’ என்று. பெயர் தப்பாக வந்தாலும் பக்கம் திறக்க வேண்டும். தமிழை முகவரியிலிருந்து எடுத்துவிடு என்று உனக்கு யாராவது சொன்னால் கேட்காதே. அதைத் தாங்கும்படி கட்டு.

இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. உன் நிலைய நிலவரம் பற்றிய ரெட்யூசரைப் படித்துவிட்டு எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். நிலையம் திறந்திருக்கிறதா இல்லையா என்று ஆம்-இல்லையில் முடித்திருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் முடிப்பார்கள். நீ ‘எடை நடக்கிறது’, ‘சாக்கு இல்லை’, ‘மழையால் நிறுத்தம்’, ‘லாரி வரவில்லை, இடம் இல்லை’, ‘ஈரப்பதத்தால் திருப்பி அனுப்புகிறார்கள்’ என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறாய். எதிலிருந்து எதற்குப் போகலாம் என்பதையும் எழுதியிருக்கிறாய். மழையால் நின்ற நிலையம் நேராக எடைக்குப் போக முடியாது, ஈரப்பதம் பார்த்த பிறகுதான் போகலாம் என்று ஒரு வரி இருக்கிறது. ஈரப்பத வரம்பான 17 சதவீதத்தைக் கோட்டுக்குள் புதைக்காமல், அரசு தளர்வு கொடுக்கும்போது மாற்றும்படி வெளியே வைத்திருக்கிறாய். தை மாதத்தில் நெல்லைச் சாலையோரம் கொட்டிவிட்டு இரவெல்லாம் தார்ப்பாயோடு காத்திருந்தவர்களிடம் உட்கார்ந்து கேட்காமல் இதை எழுத முடியாது. பெரிய சம்பளத்தில் இருக்கும் பலரிடம் நான் வேலை வாங்கியிருக்கிறேன். இந்த ரெட்யூசரை அவர்களில் ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தில் இந்த வேலையைப் பார்ப்பவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் மற்றது எனக்கு ஆறவில்லை. ‘சாக்கு இல்லை’ என்ற இவ்வளவு துல்லியமான செய்தியை, வேண்டியவருக்கு ஒரு லிங்க்காக அனுப்ப முடியாமல் வைத்திருக்கிறாய். டெல்டாவில் ஒரு நிலையத்தில் சாக்கு இல்லை என்பது அன்று காலையில் பத்துக் குடும்பத்துக்குத் தெரிந்தால் பத்து டிராக்டர் வாடகை மிச்சம். அது போய்ச் சேரும் வழி, நீ காலியாக விட்டிருக்கும் முகவரிப் பட்டை.

சம்பா அறுவடை தையில் வந்துவிடும். அதற்குள் நான்கு தேர்வுகளையும் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டு, வட்டப் பக்கத்தின் இரண்டு எஃபெக்டையும் அழித்துவிடு. பிறகு உன் அத்தாவுக்கும் எனக்கும் ஒரே லிங்க்கை அனுப்பு. இரண்டு போனிலும் ஒரே பட்டியல் திறந்தால் ஊருக்குக் கொடு. திறக்கவில்லை என்றால் கொடுக்காதே, என்னைக் கூப்பிடு. உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து உன் அண்ணன்